அழுவதற்குப் பதினைந்து நிமிடம்

அயர்லாந்தில் நான் வேலை செய்யும் புற்றுநோய் வார்டில் ஒரு நோயாளி இறந்தால், அவரைக் கவனித்த நர்ஸைச் சின்ன அறை ஒன்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு நாற்காலி, டீ, ஒரு பெட்டி டிஷ்யூ. பதினைந்து நிமிடம். முதல் தடவை மேனேஜர் என்னைப் போகச் சொன்னபோது, "நான் ஒரு தப்பும் செய்யவில்லையே" என்றேன். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "தப்பா? போய் உட்கார். வேண்டுமானால் அழு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. வார்டை விட்டு வெளியே போ என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம், வேலை போயிற்று.

அங்கே வேலை சுளுவா என்று ஊரிலிருந்து கேட்கிறீர்கள். சாவு இங்கேயும் அதே சாவுதான். முன்பு திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் சீனியர் நர்ஸாக இருந்தேன். செல்வி என்ற நர்ஸ் எனக்குக் கீழே வேலை பார்த்தாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்து மூன்று மாதம் படுத்திருந்த ஒரு பெண், ஒரு நாள் காலையில் செல்வியின் கையைப் பிடித்தபடியே இறந்துபோனாள். செல்வி அங்கேயே நின்று அழுதாள்.

"இன்னாடி, உங்க ஊட்டு சாவா? மூஞ்சக் கழுவிட்டு வா. அடுத்த பெட்டுக்கு கீமோ போடணும்" என்றேன்.

"ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு வரேன்க்கா."

"அதெல்லாம் கெடையாது. அழுவறதுக்கா சம்பளம் தராங்க?"

கழுவிக்கொண்டு வந்தவள், வேறொருவரின் மருந்துப் பையை மாட்டிவிட்டாள். ஒரு சொட்டு இறங்குவதற்குள் நான் கழற்றிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அவள் தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றோ, உட்காரக் கேட்டாள், நான் விடவில்லை என்றோ எழுதவில்லை. எழுதியிருந்தால் கேள்வி என்னிடம் வந்திருக்கும். அந்த வாரமே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வார்டைக் கண்டிப்பாக நடத்துகிறேன் என்று எனக்கு நற்சான்று கொடுத்தார்கள். அதைக் காட்டித்தான் விமானம் ஏறினேன்.

போன லீவில் அவளைத் தேடிப் போனேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் மோர் விற்கிறாள். அன்று பௌர்ணமி, சாயந்திரமே கூட்டம். மன்னிப்புக் கேட்கப் போன நான், அதற்கு வாய் வராமல் இந்த அறையைப் பற்றிச் சொன்னேன்.

சிரித்தாள். "அழுவறதுக்குத் தனி ரூமாக்கா? சம்பளத்தோடயா? எனக்கும் ஒரு வேலை பாருங்க, உங்களவிட ஜாஸ்தி அழுவேன்."

"செல்வி, அன்னிக்கி நான் எழுதுனது தப்பு."

சிரிப்பு நின்றது. ஒரு டம்ளரை என் கையில் கொடுத்தாள். "குடிச்சிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. ஜனம் வருது."

நேற்று இங்கே ஒரு பெரியவர் இறந்தார். உட்காரச் சொல்லி அனுப்பினார்கள். உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. காலியாக இருந்த எதிர் நாற்காலியைப் பார்க்க முடியாமல் எழுந்து, யாரோ வரப்போவதுபோலச் சுவரோரம் தள்ளி நின்றேன். பதினைந்து நிமிடமும் அங்கேயே நின்றேன்.