வலிக்கவும்

காலையில் பல் துலக்கி முடித்ததும் சொரிமுத்து ஒரு முக்கோணத்தின் உச்சியைப் பிடித்து இழுக்கிறார். காப்பியெல்லாம் அப்புறம்தான். மடிக்கணினித் திரையில் அந்தப் புள்ளி இழுத்த பக்கமெல்லாம் வருகிறது. மூன்று மூலைகளிலிருந்தும் எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும் கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. முக்கோணத்தை ரொம்பச் சாய்த்தால் சந்திக்கும் இடம் முக்கோணத்தை விட்டே வெளியே போய்விடும். "வீட்ட விட்டு வெளிய போயிட்டு, பாத்தியா? ஆனாலும் மூணும் சேந்துதான் நிக்கு" என்கிறார். யாரிடம் என்று கேட்டுவிடாதீர்கள். திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றங்கரையோரத்து அந்த மாடி அறையில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஐம்பதைத் தாண்டியாயிற்று. பெண் பார்த்த காலத்தில் எதுவும் அமையவில்லை, பிறகு பார்ப்பதற்கு ஆள் இல்லை. தென்காசியில் ஒரு தங்கை, தீபாவளிக்குத் தீபாவளி பேசுவாள். தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடுகிற வேலை. அங்கேயும் கணக்குதான். கோயம்புத்தூருக்கு மதுரை வழியாகப் போகலாமா என்று யாராவது கேட்டால் போதும், "அது முக்கோணத்துல ரெண்டு பக்கம், கேட்டோ. பாலக்காடு வழின்னா ஒரு பக்கம்" என்று ரசீதின் பின்புறம் படம் போட ஆரம்பித்துவிடுவார். அவசரத்தில் இருப்பவர்கள் பேருந்து நிலையத்துக்கு ஓடிவிடுவார்கள்.

கல்லூரியில் கணிதம் படித்துவிட்டு வேலை தேடிய நாளில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவர் மணிக்கணக்காகப் பார்த்த ஒரு வலைத்தளம் உண்டு. முகம் தெரியாத ஏதோ வெளிநாட்டுப் பேராசிரியர் போட்டது. தேற்றத்துக்கு ஒரு படம், படத்தில் புள்ளியைப் பிடித்து இழுத்தால் எல்லாம் சேர்ந்து நகரும். சில வருடங்களுக்கு முன் ஆசையாகத் தேடிப் போனபோது, படம் இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் வெறும் கட்டம். படங்களை ஓடவைத்த பழைய மென்பொருளைப் பிரவுசர்கள் கைவிட்டுவிட்டன. "துட்டி கேக்கப் போன சாவு வீடு மாதிரி இருந்து" என்கிறார்.

ஆனால் எந்தப் புள்ளி எங்கே, எந்தக் கோடு எதை நோக்கி என்கிற குறிப்புகள் மட்டும் பக்கத்துக்குள் அப்படியே கிடந்தன. அவற்றைப் படித்துப் படத்தைப் புதிதாக வரைந்து கொடுக்கும் ஒரு சின்ன நிரலை, பிரவுசரோடு ஒட்டவைக்கிற மாதிரி, சொரிமுத்து எழுத உட்கார்ந்தார். சொல்லித்தர யாருமில்லை. முதலில் வட்டங்களெல்லாம் நீள்வட்டமாக விழுந்தன. "வட்டம் போடுன்னா முட்ட போடுகு" என்று வெகுநாள் புலம்பினார்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை ஸ்வப்னாவுக்குப் பொறுக்கவில்லை. "முத்தண்ணா, இது ஆர்க்கு வேண்டியா?"

"ஆராவது ஒராளு வலிச்சுப் பாக்க மாட்டாவளா?"

பெயரும் வேண்டாம், புகழும் வேண்டாம், அந்த ஒரு ஆள்தான் அவருக்கு வேண்டும்.

இலவசமாக வெளியிட்டார். உதவிக்கு என்று தன் கைபேசி எண்ணையும் போட்டார். ஒவ்வொரு படத்தின் அடியிலும் தமிழில் ஒரு வரி: 'புள்ளியைப் பிடித்து வலிக்கவும்.' திருவனந்தபுரத்துத் தமிழில் கதவை வலிப்பார்கள், கயிற்றை வலிப்பார்கள், பீடியையும் வலிப்பார்கள். இந்தச் சொல்லில் கோளாறு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சென்னையிலிருந்து கருத்துகள் வந்தன. 'வலிக்கணுமா? புள்ளிக்கா, எனக்கா?' என்றார் ஒருவர். 'தைலம் கூடவே தருவீங்களா?' என்றார் இன்னொருவர். படம் ஓடுகிறதா என்று ஒருவரும் சொல்லவில்லை. ஸ்வப்னாவிடம் காட்டினார். மலையாளத்துப் பெண், அவளுக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. "வலிக்குக என்னல்லே பறயுக?" என்றாள், அப்படித்தானே சொல்வார்கள் என்கிற மாதிரி. அவருக்கோ மானம் போயிற்று. அன்று சாயங்காலமே 'இழுக்கவும்' என்று திருத்திவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைபேசி அடித்தது. திரையில் எண் வரவில்லை. அலுவலகக் குரலில் எடுத்தார்.

"வணக்கம், சொல்லுங்க."

"அண்ணே, அந்த முக்கோணப் படம் போட்ட ஆளா? பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கதுக்கு எடுத்தேன். அடியில வலிக்கவும்னு எழுதியிருந்தியல்லா..."

இன்னொரு தைலக்காரி என்று நினைத்துவிட்டார். "தப்புதான் மேடம், க்ஷமிக்கணும். திருத்தியாச்சு. இனி இழுக்கவும்னுதான் வரும்."



"அய்யோ, மாத்தியாச்சா?" என்றாள் அந்தப் பெண். "நான் திருவனந்தபுரம் நேமத்துக்காரி அண்ணே. இப்போ புனேல இருக்கேன். இங்க அந்த வார்த்தையக் கேட்டே வருசமாச்சு. நம்ம ஆளு ஒருத்தரு இருக்காவன்னு நெனச்சுட்டு விளிச்சேன். படமெல்லாம் நல்லா ஓடுகு. சரி, பரவால்ல. வைக்கேன்."

"வைக்கண்டாம், ஒரு நிமிசம்" என்று இவர் வாயெடுப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. பெயர் கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிட எண்ணும் இல்லை. இத்தனை காலம் காத்திருந்த ஒரே ஆளை, மரியாதையாகப் பேசியே துரத்திவிட்டார்.

இப்போது படத்தின் அடியில் மறுபடியும் 'வலிக்கவும்' என்றுதான் இருக்கிறது. சென்னைக்காரர்கள் மறுபடியும் சிரிக்கிறார்கள். இவர் அதையெல்லாம் படிப்பதில்லை.

போன வாரம் டிக்கெட் கவுண்டரில் நல்ல கூட்டம். கைபேசி அடித்தது, திரையில் ஏதோ தெரியாத எண். முன்னால் நின்றவரைக் கையமர்த்திவிட்டு, சொரிமுத்து அதைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். "அண்ணன்தான் பேசுகேன், சொல்லு மக்கா" என்றார். கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிட்ட பெண், சொல்ல வந்ததை மறந்து, "சார்?" என்றாள்.