ஜெராக்ஸ் கடை சேவியர் அண்ணன் கேட்டது

"எனக்குத் தெரியாது அண்ணா" என்று அன்று நான் சொல்லவில்லை.

குழித்துறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சேவியர் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக்... இப்போதுதான் போன் வந்தது.

முட்டத்துக்காரர். சுனாமியில் மகள் ஜெனியைப் பறிகொடுத்தவர். அதன் பிறகு கடல் பக்கமே போகாமல் இங்கே வந்து கடை போட்டார். மகளின் கல்லறைக்குக்கூட ரொம்ப காலம் அவர் மனைவி மேரி அக்கா மட்டும்தான் போய்வருவார்.

ரோட்டில் லாரி ஜல்லி கொட்டும் சத்தம் அலை இரைவதுபோலக் கேட்டால், மிஷின் மூடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவார். நாங்கள் காத்திருப்போம். பிறகு ஒன்றும் நடக்காததுபோல, "எத்தன காப்பி சொன்னிய?" என்பார்.

என் எம்.ஃபில். தீசிஸை பைண்டிங் கொடுத்தபோது, அதிலிருந்த நரம்புசெல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மக்கா, புடுங்கிப் போட்ட மரச்சீனி மூடு மாதிரி?"

வேரோடு பிடுங்கிய மரவள்ளிச் செடிபோலத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே விளக்கினேன். எலிக்கு ஒரு மணிச்சத்தம், கூடவே ஷாக். அப்புறம் மணி மட்டும் அடித்தாலே எலி உறைந்து நிற்கும்.

அப்படிப் பயம் நினைவுக்கு வரும்போது, அதைப் பிடித்து வைத்திருக்கும் செல்களின் இணைப்பு கொஞ்ச நேரம் இளகுகிறது. திரும்ப இறுகப் புதுப் புரதம் வேண்டும். அது உருவாகாமல் தடுத்துவிட்டால், மறுநாள் மணி அடித்தாலும் எலி அதுபாட்டுக்கு நடக்கிறது.

"அந்த எலி நான்தான்னு வச்சுக்க" என்றார்.

பசை டப்பாவை மூடினார்.

"பேடி... அந்தப் பயம் போச்சுன்னா... அதுக்க கூட எனக்க மொவளும் போயிருவாளா மக்கா?"

எலி நிற்கிறதா, நடக்கிறதா என்றுதான் லேபில் நாங்கள் பார்த்தோம். பயம் போனபின் அதற்கு வேறென்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கவில்லை...

தெரியாது என்று நான் சொல்வதற்குள் அவர் பேசத் தொடங்கினார். ஜெனியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ஷூவை அன்று ராத்திரி கழற்றாமலே தூங்கினாளாம். "கள்ளி... ஒரு காலு எனக்க நெஞ்சுல."

பேச்சு அலை வந்த காலையை எட்டும் முன்னால் நிறுத்திக்கொண்டார். மிஷின் மூடியைப் பிடித்திருந்தார்.

"எனக்க மொவ இருக்கா" என்றார். "அப்படியே இருக்கா."

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மேரி அக்காவோடு முட்டம் பஸ் ஏறினார். பிறகு எல்லா ஞாயிறும். நாளை அடக்கமும் அங்கேதான், ஜெனிக்குப் பக்கத்தில்.

போய் வாங்க அண்ணா.