லஸ்கர் காத்தானின் ஷட்டர் கைப்பிடி

பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் 214ஆம் எண் பொருள், இரண்டு இடத்தில் வளைந்த மூன்றடி இரும்பு. ஒன்பது ஆண்டுகளாக அதன் அட்டையில் ‘போர்க்கருவி, பயன்படுத்திய முறை தெரியவில்லை’ என்று இருந்தது. ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த சுடர்விழி துருவைத் துடைத்தபோது ஒரு வாய்க்கால் எண் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு பாசன அலுவலகத்தில் விசாரித்தார். அவர்கள் பூதலூர் பக்கம் காத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காத்தானுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்தொரு ஆண்டு லஸ்கர். மதகு ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும் வேலை. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்ப் பற்றாக்குறை. ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் மூடல் என்று முறை வைத்திருந்தார்கள். மூடவேண்டிய அன்று ஷட்டரைத் திருகும் கைப்பிடியைக் காணோம். புதியது வர நாலு நாள் ஆனது. அதுவரை தண்ணீர் கடைமடைக்குப் போய்க்கொண்டே இருந்தது. காத்தானின் பணிப்பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று எழுதினார்கள்.

அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி ஏழு மனு போட்டுவிட்டார். கவனக்குறைவு இல்லை என்று ஏழிலும் எழுதினார். பின்னே என்ன என்பதை ஒன்றிலும் எழுதவில்லை.

சுடர்விழி போனில் படத்தைக் காட்டினார்.

“இதேதான். எங்க கிடைச்சுது?”

“தூர்வாரும்போதுங்க ஐயா. கிரீஸ் பூசி, சாக்குல சுத்தி, கம்பி கட்டியிருந்துச்சாம்.”

“அப்புறம் எப்படித் துருப்பிடிச்சுது?”

“எங்ககிட்ட வந்த பிறகுதாங்க.”

காத்தான் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி அம்சம், “சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?” என்றார்.

“நான்தாம்மா ஒளிச்சேன். கடைமடையில கதிர் வாங்குற நேரம். மூடுன்னு உத்தரவு. கைப்பிடி இல்லாம எப்படி மூடுறது?”

“அங்க நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது. இவருக்கு ஒருத்தரும் டீகூட வாங்கித் தந்ததில்ல” என்றார் அம்சம்.

“பதிவேட்டை நாங்க மாத்த முடியாதுங்க. எங்க அட்டையை மாத்தலாம். ஒளிச்சது நீங்கன்னு எழுதணும். கையெழுத்து வேணும்.”

“இந்த வயசுல ஜெயிலுக்குப் போனா யாரு சோறு போடுவா?” என்றார் அம்சம்.

“அவங்களே போடுவாங்க” என்று சொல்லிப் பேனாவை வாங்கினார் காத்தான்.

அடுத்த மாதம் அருங்காட்சியகத்துக்கு வந்து புது அட்டையைப் படித்தார்: ‘மதகு ஷட்டர் கைப்பிடி. கடைமடைக்குத் தண்ணீர் போக, லஸ்கர் காத்தான் இதைத் தெரிந்தே ஒளித்தார்.’

‘தெரிந்தே’ மட்டும் பெரிய எழுத்தில் போட முடியுமா என்று கேட்டார். எல்லா எழுத்தும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்பது விதி என்றார் சுடர்விழி. விதி என்றால் சரி என்றார் காத்தான்.