தட்டில் விழுந்த பராமரிப்புக் கட்டணம்

மலேசியாவில், ஈப்போ புறநகரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களின் மின்தூக்கி அட்டையை முடக்கலாம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் கொண்டுவந்தபோது நானும் கை தூக்கினேன். அவர்களால்தான் குப்பை நாறுகிறது, நடையில் விளக்கு எரிவதில்லை என்ற ஆத்திரம் எனக்கும் இருந்தது. முதலில் முடக்கிய அட்டைகளுள் ஒன்று என் பக்கத்து வீட்டு அம்மாளுடையது. ஏழாம் மாடி, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் உடம்பு.

அவர் கட்டாதவர் அல்லர். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கீழ்த்தளத்தில் எங்களுக்குச் சிறிய பிள்ளையார் கோயில் உண்டு. நிர்வாகக் குழுத் தலைவரே கோயிலுக்கும் தலைவர். வெள்ளிக்கிழமை பூசையில் நான் பதிகம் பாட, அவர் தீபத்தட்டை ஏந்தி வருவார். அம்மாள் மாதந்தோறும் கட்டணத்தை உறையிலிட்டு, வீட்டு எண்ணை எழுதி, அந்தத் தட்டில் வைத்துக் கும்பிட்டு வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி வளர்ந்தவர். அங்கே வேலைக்கும் வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரே கங்காணி. அவர் கையில் கொடுத்தது உரிய இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது அந்நாளைய நம்பிக்கை.

நானும் அவரும் குழுவின் அலுவலகத்துக்குச் சென்றோம்.

"தட்டுல விழுந்தா சாமி காசுலா, அக்கா. கோயில் கூரைக்குப் போயிருச்சு," என்றார் தலைவர்.

"உறையில வீட்டு நம்பர் எழுதியிருந்தேனே, தம்பி."

"அர்ச்சனைக்குன்னு நெனச்சேன்."

"வீட்டு நம்பருக்கா அர்ச்சனை பண்ணுவாங்க? என் நட்சத்திரத்த எழுதலையே!"

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஐயாவையே கேளுங்க. தட்டுல விழுந்தத தொடக்கூடாதுன்னு அவருதான் சொன்னாரு."

சொன்னது நான்தான். யாரோ ஒருவர் கைதவறிப் பெரிய நோட்டைப் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்டபோது, பக்திச் செருக்கில் சொன்னது. அதையே இப்போது ஒரு நோயாளியின் முன் கேடயமாகப் பிடித்தார். அவர்மேல் வந்த கோபத்துக்கு ஈடாக என்மேலும் வந்தது.

"அப்ப கோயில் பணத்திலேருந்து குழுவுக்குக் கட்டுங்க," என்றேன்.

"அதுக்குக் கூட்டம் போடணும், ஐயா. அடுத்த மாசம் பாக்கலாம்."

மறுநாள் சிகிச்சை முடிந்து வந்த அம்மாள் படியேறினார். மூன்றாம் மாடியில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. என் அட்டையால் மின்தூக்கியைத் திறந்து அழைத்துப்போனேன். மாலையில் கடிதம் வந்தது: அட்டையை இரவல் கொடுத்தால் என்னுடையதும் முடக்கப்படுமாம்.

வெள்ளிக்கிழமை கற்பூரம் எரிந்தது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் திறக்கவில்லை.

"பாடுங்க, ஐயா," என்றார் தட்டை ஏந்திய தலைவர்.

"அந்தம்மா லிப்ட்டுல இறங்கி வரட்டும். பாடுறேன்."

"சாமியோட விளையாடாதீங்க!"

"விளையாடுறது நீங்க. சாமி காசு கேக்கல. நீங்கதான் அவரு தலையில கட்டுறீங்க."

பெண்கள் முணுமுணுத்தார்கள். தட்டில் அன்று ஒருவரும் காசு வைக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாளின் அட்டை வேலை செய்தது. கூடவே ஒரு கடிதம்: உடல்நிலையை முன்னிட்டு, கருணை அடிப்படையில், தற்காலிக அனுமதி, நிலுவை அப்படியே இருக்கிறது.

கருணையாம்! கட்டியவருக்கு எதற்குக் கருணை? நான் இறைவனிடம் உருகிக் கேட்கும் சொல்லை இவர்கள் முத்திரை குத்திப் பிச்சையாக நீட்டுகிறார்கள். அக்கடிதத்தின் பின்புறத்தில், அம்மாள் உறை வைத்த மாதங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும் என்று கீழே இருவரும் கையெழுத்திட்டோம். அவரே மின்தூக்கியில் இறங்கிப்போய்த் தலைவர் மேசையில் அதை வைத்துவிட்டு வந்தார்.