நான்காம் மாடிக்கு வராத அறிவித்தல்

செவ்வாய்க்கிழமை காலை, பாடசாலைச் சீருடையோடு கணினியைத் திறந்தேன். மரண அறிவித்தல்கள் வரும் செய்தியோடையில் முதலாவதாக மலர் அக்காவின் பெயர் தடித்த எழுத்தில் நின்றது. அந்த ஓடையை எனக்குத் தந்தவரே அவர்தான். "ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு தெரியாமல் என்னெண்டு சனத்தோடை கதைக்கிறது?" என்பார். நாங்கள் தெஹிவளைக்கு வீடு மாறிய பிறகு நான் ஒரு முறையும் அவரைப் பார்க்கப் போகவில்லை.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களில் பலர் அவரைத் தொலைபேசிக் குரலாகவும் மொழிபெயர்ப்புகளின் கீழ் இருக்கும் பெயராகவுமே அறிந்திருப்பீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் தனியாக இருந்தார். முழங்கால்கள் இரண்டும் மடங்காது. லிஃப்ட் பழுதான நாளிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. முதல் நாள் நான் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டபோது, "அப்பிடிச் சொன்னா கதவு திறக்கமாட்டன்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

தளங்களில் புதிதாக வருவதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவரும் இந்தச் செய்தியோடைகள் அவரிடம் முந்நூற்றுக்கு மேல் இருந்தன. மும்மொழிப் பத்திரிகைகள், நூலகங்கள், கரையோர ரயில் தாமதங்கள், எங்கள் கட்டடக் குழுவின் அறிவித்தல்கள். ரயிலில் ஏறாதவருக்கு அது எதற்கு என்று கேட்டேன். "நான் ஏறாத ரயில் பிந்தினால் எனக்கொரு சந்தோசம்" என்று சிரித்தார். பிறகு, "என்னாலை இறங்க ஏலாது பிள்ளை. அதாலை எல்லாத்தையும் மேலே கூப்பிடுறன்" என்றார்.

அவர் பயன்படுத்திவந்த இணையச் சேவை மூடப்பட்டபோது, கணினியிலேயே நிறுவக்கூடிய, ஓடைகளைத் திரட்டிக் காட்டும் ஒரு ரீடரைத் தேடித் தரும்படி என்னிடம் கேட்டார். நான் ஒரு கொப்பியில் கட்டங்கள் வரைந்து பல மென்பொருள்களை ஒப்பிட்டேன். மிக அழகாக இருந்தது தமிழ் எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகக் காட்டியது. அடுத்தது, இணையம் விட்டுப்போனால் வெறும் தலைப்புகளோடு நின்றது. மூன்றாவது பழைய காலத்துத் தோற்றம். ஆனால் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டது. அதையே நிறுவினேன். அக்கா மூலையிலிருந்த எண்ணைக் காட்டினார்: வாசிக்காதவை நாலாயிரத்துச் சொச்சம்.

"உந்த நம்பரை மறை. சிறையிலை நாள் எண்ணுற மாதிரிக் கிடக்கு."

மறைத்தேன். அதோடு நிற்கவில்லை. பட்டியல் சுருக்கமாக இருக்கட்டுமே என்று, புதிதாக ஒன்றும் வராத ஓடைகளையும் மறைத்துவிட்டேன். "கெட்டிக்காரி" என்று சாப்பிட ரோல்ஸ் தந்தார். அன்று மிகவும் பெருமையோடு படியிறங்கினேன்.

அதற்குப் பின் கட்டடக் குழு தன் தளத்தின் முகவரியை மாற்றியது. பழைய ஓடை அறுந்தது. அறுந்த ஓடைக்குப் பக்கத்தில் ரீடர் சிவப்புக் குறி போடும். ஆனால் நான்தான் அந்த வரியே தெரியாமல் செய்திருந்தேனே. லிஃப்டைத் திருத்த வேண்டுமென்போர் அதை எழுத்தில் தரவேண்டும் என்ற அறிவித்தல் அக்காவிடம் வரவேயில்லை. அதே அறிவித்தலைக் கீழே பலகையிலும் ஒட்டியிருந்தார்கள். வறுத்த கடலை சுற்றிவரும் தாளைக்கூட விடாமல் வாசிக்கும் நான், தினமும் இரண்டு முறை அந்தப் பலகையைக் கடந்தேன். எல்லாம் ரீடரில் வரும்தானே என்றிருந்தேன்.

காவலாளி ஐயா தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தபோதுதான் தெரிந்தது. "மிஸ் கடிதம் குடுக்க இல்லயா? ரெண்டு பேர்தான் குடுத்தது. லிஃப்ட் அடுத்த வருசமாம்."

அக்கா யன்னல் பக்கம் திரும்பினார். நான் அழத் தொடங்கினேன்.

"நம்பரை மறைக்கச் சொன்னது நான்."

"வரியை மறைச்சது நான், அக்கா."

"ஓம், அது நீதான்" என்றார். பொய் சொல்லி என்னைத் தேற்றவில்லை. "இனி வா, திருத்துவம்."

நான் திருத்தவில்லை. அறிக்கை எழுதவேண்டும், சோதனை வருகிறது என்று சாக்குச் சொன்னேன். பிறகு வீடு மாறினோம். அக்காவுக்குக் காய்ச்சல் கடுமையான அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவரைக் கதிரையில் இருத்தி நாலு பேர் நான்கு மாடியும் தூக்கி இறக்கினார்களாம். "ரயில் ஓடுதோ?" என்று வழியில் கேட்டாராம்.

அவருடைய உடல் வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து வந்த மாலை, அவர் பிரதி எடுத்துத் தந்த ஓடைப் பட்டியலை என் கணினியில் திறந்தேன். மறைத்ததையெல்லாம் காட்டச் சொன்னேன். எண் வந்தது. சிவப்புக் குறியும் வந்தது. அந்த முகவரியைத் திருத்த ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. லிஃப்ட் பற்றிய அந்தப் பழைய அறிவித்தல் உடனே இறங்கி, வாசிக்காதது என்று தடித்த எழுத்தில் நின்றது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பட்டியல்தான். மற்ற எல்லாவற்றையும் வாசிக்கிறேன். அந்த அறிவித்தலை மட்டும் திறக்கவில்லை. தொட்டால் அது வாசித்ததாகிவிடும்.