கோணல் வட்டத்துக்குள் சோடியம்

பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஓய்வு பெறும் வயதாகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவரைத் தலைமையாசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தணித்துப் பேசினார்.

"அணு படமெல்லாம் இப்போ திரையிலயே வந்துடுது டீச்சர். நீங்க எதுக்குச் சிரமப்படணும்? லைப்ரரிய பாத்துக்கோங்க."

"இழுத்தது கையைத்தான் சார். வாயை இல்ல."

"அதுக்குச் சொல்லல..."

"திரையில வந்தா பிள்ளைங்க வேடிக்கை பாக்கும். நான் வரைஞ்சா கூடவே வரையும். திங்கக்கிழமை கிளாசுக்கு வந்துடுவேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கணவர் தையல்காரர், அவருடைய கடையின் பின்கதவுதான் கரும்பலகையானது. டீச்சர் வரைவதும் அழிப்பதுமாக இருந்தார். சேலையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"என்ன இது, கத்தரிக்காயா?" என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்தபடி.

"சோடியம்."

"அட்டையில வட்டம் வெட்டித் தரவா? சுத்தி வரைஞ்சிட்டுப் போ."

"அட்டைய எந்தக் கையால பிடிக்கிறது?"

அதன்பிறகு துணி தைக்க வந்தவர்களிடம், "கதவுல சாயாதீங்க, அழிஞ்சுடும்" என்று கணவர்தான் எச்சரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டீச்சர் பலகையில் ஒரு புள்ளி வைத்தார். அதுதான் அணுக்கரு. அதைச் சுற்றி முதல் வட்டம் எப்படியோ வந்துவிட்டது. இரண்டாவது வட்டம் வழுக்கிப் போய் முதல் வட்டத்தில் இடித்தது. பின்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"சிரிச்சது யாரோ, வந்து தப்பைக் காட்டு."

அந்தப் பெண் முகம் வெளிறி எழுந்து வந்தாள். "ரெண்டும் இடிக்குது மிஸ்."

"இடிச்சா என்ன?"

"எலக்ட்ரான் எந்த வட்டத்துலன்னு தெரியாது."

"சரியாச் சொன்ன. உக்காரு."

அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். உள்வட்டத்தில் இரண்டு, அடுத்ததில் எட்டு, வெளியே தன்னந்தனியாக ஒன்று. வாசலில் தலைமையாசிரியர் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

"பாடம் ரொம்ப லேட்டாகுதே டீச்சர்."

"ஆகட்டும் சார். பிள்ளைங்க கையும் அதே வேகத்துலதான் வருது."

தலைமையாசிரியர் விடவில்லை. அதிகாரிகள் பார்வையிட வந்த அன்று, ஓவிய ஆசிரியரைக் கொண்டு பலகையில் அச்சடித்தாற்போல ஓர் அணுவை முன்கூட்டியே வரையவைத்திருந்தார். டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தார், பார்த்தார், அதிகாரிகள் எதிரிலேயே அதைத் துடைத்துப் போட்டார். தலைமையாசிரியருக்கு உயிரே போய் வந்தது.

"எடுங்கம்மா நோட்ட. புள்ளியில இருந்து ஆரம்பிப்போம்."

இடது கையால் வரையத் தொடங்கினார். வட்டம் கோணல்தான். பெண்கள் குனிந்து அவருடன் சேர்ந்து வரைந்தார்கள். அதிகாரிகளில் ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் ஒரு பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தார். டீச்சரை அன்று யாரும் பாராட்டவில்லை. லைப்ரரிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவுமில்லை.