ஆடுகளை முன்னால் அனுப்பியவன்

போதகர் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினார். அவர் மேல் என் கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

கதை வேதத்தில் உள்ளது. கண் தெரியாத தகப்பனை ஏமாற்றி, அண்ணனுக்குச் சேர வேண்டிய ஆசீர்வாதத்தைத் தம்பி வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறான். பல வருடம் கழித்துத் திரும்பும்போது, பயத்தில் ஆட்டு மந்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக முன்னால் அனுப்பிவிட்டு, தான் கடைசியாக வருகிறான். அண்ணன் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுகிறான். அந்த இடத்தில் போதகர் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். சபையே என்னைப் பார்த்தது. இரண்டு வாங்கு தள்ளி உட்கார்ந்திருந்த என் தம்பி மட்டும் நிலத்தைப் பார்த்தான்.

விசுவமடுவில் எங்களுடையது அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணி. அதைப் பிரிக்க முடியாது. எங்கள் தகப்பன் அப்புவுக்குப் பிறகு யார் என்று ஒருவர் பேர்தான் போடலாம். காட்டை வெட்டி, வேர் கிளப்பி, அந்த மண்ணைத் துப்புரவாக்கியது எங்கள் அப்புவும் நானும். தம்பி அப்போது வவுனியாவில் ஒரு கடையில் நின்றான். அப்புவுக்குக் கண் வெளுத்துப் பார்வை போன பிறகு ஒருநாள் ஒரு தாளோடு வந்தான்.

"அக்காவின்ரை பேருக்குத்தான் எழுதியிருக்கு அப்பு" என்று சொல்லி, அவருடைய பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு எழுத்துத் தெரியாது. காணிக் கந்தோரில் பதிந்துவிட்டு ஒரு பிரதியை என் கையிலேயே தந்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சண்டையில் ஓடின இடமெல்லாம் அந்தத் தாள் பொலித்தீன் பையில் என் சட்டைக்குள் கிடந்தது. பங்கருக்குள் தண்ணீர் ஏறியபோது தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். மாட்டை விட்டேன், பாத்திரம் பண்டம் விட்டேன். அதை விடவில்லை.

முகாமிலிருந்து நானும் தம்பி குடும்பமும் காணிக்குத் திரும்பி வந்த பிறகுதான் சபைக்குப் போகத் தொடங்கினேன். வேதம் வாசிக்கும் ஆசையில், அந்த வயதில் மகளிடம் எழுத்துப் படித்தேன். ஒரு பின்நேரம் அந்தத் தாளை விரித்து, என் பேரின் முதல் எழுத்தைத் தேடினேன். இல்லை. தம்பியின் பேர் இருந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் நான் வாசித்த முதல் பேர் அதுதான்.

அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் பேரிலுள்ள மண்ணில் நான் படுக்க மாட்டேன். ஏன் வந்தேன் என்று அவனுக்குத் தெரியும்.

பிறகு அவனும் ஆடுகளை அனுப்பத் தொடங்கினான். முதலில் ஒரு மூட்டை நெல். திருப்பி அனுப்பினேன். அடுத்தது பெண்சாதி, பலகாரத்தோடு. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். கடைசியாக, அந்தப் பிரசங்கத்துக்கு அடுத்த நாள், போதகரே வந்தார்.

"அம்மா, அந்த அண்ணன் எவ்வளவு பெரிய மனசோடை மன்னிச்சான், பாத்தீங்களோ?"

"ஓம் ஐயா. ஆனா அந்தத் தம்பி ஆடுகளுக்குப் பின்னாலை தானும் வந்தவனெல்லோ? எங்கடையவன் இன்னும் ஆடுதான் அனுப்பிறான்."

"அப்ப நானும் ஒரு ஆடோ அம்மா?"

"நெல்லு மூட்டை, பெண்சாதி, நீங்கள். மூண்டாவது மந்தை ஐயா."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு, அவர் மூடிய இடத்திலிருந்து விரல் வைத்து வாசித்தேன். இரண்டு நாள் எடுத்தது. அழுது முடிந்ததும் அண்ணன், சேர்ந்து போவோம் வா என்கிறான். பிள்ளைகள் சின்னவர்கள், நீ முன்னால் போ, நான் மெல்ல வருகிறேன் என்கிறான் தம்பி. சொல்லிவிட்டு வேறு பாதையில் போய் வீடு கட்டுகிறான். கட்டிப்பிடித்தவர்கள் ஒரே வளவில் இருக்கவில்லை! இதை ஏன் சபையில் வாசிக்கவில்லை? பறிகொடுத்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அதுதான் மன்னிப்பு என்று இவர்களுக்கு நினைப்பு.

அடுத்த கிழமை, மத்தியான வெயிலில், வாசல் படலையில் சைக்கிள் சாய்ந்தது. தம்பி.

"அக்கா, வரலாமோ?"

"உனக்குக் கால் இருக்கெண்டு இப்பதான் தெரிஞ்சதோ?"

கதிரையில் இருத்தினேன். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற மகளையும் கூப்பிட்டேன்.

"அப்புவின்ரை விரலைப் பிடிச்சுக்கொண்டு அண்டைக்கு என்ன சொன்னனீ? இவளும் கேக்கட்டும்."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அக்காவின்ரை பேருக்கு எண்டு சொன்னனான்."

"தாளிலை ஆரின்ரை பேர் இருந்தது?"

"என்ரை பேர்." அதோடு குலுங்கி அழுதான்.

நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. பக்கத்தில் போய் அவன் தலையில் கை வைத்தேன். மயிர் கொட்டி, அப்புவின் தலை மாதிரியே இருந்தது. கோபம் இறங்கவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

"அக்கா, காணிக்கு வாங்கோ. பழையபடி ஒண்டா இருப்பம்."

"நீ முன்னாலை போ. நான் மெல்ல வாறன்."

அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சைக்கிளை உழக்கிக்கொண்டு போனான். போதகர் மூடிய இடத்துக்கு அப்பால் அவனும் வாசித்ததில்லை.